ஆற்றங்கரையில் பத்துக் கூடாரம் போதும்

வேலூர் மாவட்டத்தில் காட்டுச் சுற்றுலாவுக்குத் திட்டம் தீட்டும் வனத்துறை, சுற்றுலாத் துறை, மாவட்ட நிர்வாக அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

நான் காட்பாடியில் இருசக்கர வண்டிப் பட்டறை நடத்துகிறேன். மனு எழுதிப் பழக்கமில்லாதவன். திங்கட்கிழமை குறைதீர்வு நாளில் ஒரே ஒரு தடவை வரிசையில் நின்றிருக்கிறேன், அதுவும் ரேஷன் கார்டில் மகள் பெயரைச் சேர்க்க. இப்போது சொல்ல வந்ததை அந்த வரிசையில் நின்று இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்க முடியாது. அதனால் எல்லோரும் படிக்கும்படி மடலாகவே எழுதிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் பட்டறைப் பக்கம் வந்து பாருங்கள். பையன்கள் வரிசையாக வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். செயினுக்கு எண்ணெய், பிரேக் ஷூ, டயருக்குக் காற்று. பின்சீட்டில் சுருட்டிக் கட்டிய டென்ட். "எங்கப்பா கிளம்பிட்டீங்க?" என்றால், "மலைக்குண்ணா, ஆத்தோரம் கேம்ப்" என்பார்கள். ஐந்தாறு வருடம் முன்பு இப்படி மாதத்துக்கு ஒரு கும்பல் வந்தால் பெரிது. இப்போது வாரம் தவறுவதில்லை. திங்கட்கிழமை அதே வண்டிகள் திரும்பி வரும். கிளட்ச் லீவர் உடைந்திருக்கும், சைலன்சர் நசுங்கியிருக்கும். எங்கே போனார்கள் என்று நான் கேட்பதே இல்லை. செயின் கவரைக் கழற்றினால் உள்ளே இருக்கும் மண்ணே சொல்லிவிடும். பரபரவென்று வெள்ளை மணல் கொட்டினால் வண்டியை ஆற்றுக்குள்ளேயே இறக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. நானும் அப்படிப் போனவன்தான். இருபத்தைந்து வயதில் நாங்கள் நாலு பேர் காப்புக்காட்டுக்குள் அனுமதி வாங்காமல் போய் ராத்திரி தங்கினோம். விடியற்காலை வனக்காவலர் ஒருவரிடம் மாட்டிக்கொண்டோம். அபராதம் கட்டியது பெரிதாக வலிக்கவில்லை. எங்களுடைய குப்பையோடு எங்களுக்கு முன்னால் வந்து போனவர்களின் குப்பையையும் சாக்கில் அள்ளிக்கொண்டு மூன்று கிலோமீட்டர் நடந்து இறங்க வைத்தார். அந்தச் சாக்கின் கனம் இன்னும் தோளில் இருக்கிறது. அன்றைக்கு அவர் சொன்னார்: "ஏன்டா திருட்டுத்தனமா வர்றீங்க? கேட்டுட்டு வாங்கடா." கேட்டுவிட்டு வரலாம்தான், ஆனால் யாரிடம் கேட்பது, எங்கே தங்குவது என்று அன்றைக்கும் எங்களுக்குத் தெரியவில்லை, இன்றைக்கு என் பட்டறைக்கு வரும் பையன்களுக்கும் தெரியவில்லை.

மே மாத வேலூரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெயில் 42, 43 டிகிரி என்று ஏறும். கோட்டையும் மலையும் சேர்ந்து ராத்திரி பன்னிரண்டு மணி வரை சூட்டைக் கக்கும். நம்மூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு: சாமியில்லாக் கோயில், அரசன் இல்லாக் கோட்டை, நீரில்லா ஆறு. சாமி 1981-ல் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள் திரும்பி வந்துவிட்டார். அரசன் இனி வேண்டாம். ஆற்றை மட்டும்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம். பாலாற்றைத் தோல் தொழிற்சாலைக் கழிவு என்ன செய்தது என்பதற்கு உச்ச நீதிமன்றத்தின் 1996-ம் ஆண்டுத் தீர்ப்பே சாட்சி. சுற்றுச்சூழலைக் கெடுத்தவனே அதற்குப் பணம் கட்ட வேண்டும் என்ற கொள்கையைச் சட்ட மாணவர்கள் இன்றைக்கும் அந்த வேலூர் வழக்கை வைத்துத்தான் படிக்கிறார்கள். பெருமைப்படுவதா வெட்கப்படுவதா தெரியவில்லை.

ஆகவே நம் பிள்ளைகளுக்கு ஓடுகிற தண்ணீரைக் காட்ட வேண்டுமென்றால் மலையடிவாரத்துக்குத்தான் போக வேண்டும். ஜவ்வாது மலையில் பிறந்து ஒடுகத்தூர் பக்கம் இறங்கும் உத்திரகாவேரி இருக்கிறது. அமிர்திப் பக்கம் நாகநதி இருக்கிறது. வறண்டு கிடந்த அந்த நாகநதிப் பகுதியில் நூறு நாள் வேலைக்குப் போன பெண்கள் செறிவூட்டும் கிணறுகளையும் தடுப்பணைகளையும் கட்டி நிலத்தடி நீரை மேலே கொண்டுவந்தார்கள். அது நாடெங்கும் பேசப்பட்டது. நாம் ஞாயிற்றுக்கிழமை கால் நனைக்கிற தண்ணீரில் அந்தப் பெண்களின் கூலி வேலையும் கலந்திருக்கிறது.

அமிர்தியில் 1967-ல் தொடங்கிய சிறு வன உயிரினப் பூங்கா இருக்கிறது, குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போவோம். ஆனால் அது பகலில் பார்த்துவிட்டுத் திரும்புகிற இடம். 2024 அக்டோபரில் அரசு 14 மாவட்டங்களில் 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்தது. பக்கத்துத் திருப்பத்தூர் மாவட்டத்தின் ஏலகிரியும் அதில் சேர்ந்தது. உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்களையே வழிகாட்டிகளாகப் போட்டார்கள். நல்ல காரியம். ஆனால் ஏறி இறங்குவது ஒன்று, ராத்திரி தங்குவது இன்னொன்று. ராத்திரியில்தான் ஆபத்தும், அந்த இடத்தின் அழகும்.

எனக்குத் தெரிந்த ஓர் இடத்தைப் பற்றிச் சொல்கிறேன். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த ஞாயிறு நாற்பது வண்டி வரும், அதில் பாதி என் பட்டறையில் சர்வீஸ் ஆனதாக இருக்கும்.

ஜவ்வாது மலை இறங்கி முடியும் இடத்தில் ஒரு காட்டாறு. அக்கரையில் காப்புக்காடு. இக்கரையில் ஒரு பெரியவரின் இரண்டு ஏக்கர் பட்டா நிலம். மலையாளிப் பழங்குடி (கேரளத்துக்காரர் இல்லை, இந்த மலையில் வாழும் பழங்குடிக்கு அதுதான் பெயர்); கீழிருந்து போகிற நாங்கள் எல்லோரும் அவரைக் கவுண்டரே என்றுதான் கூப்பிடுவோம். மேல்கொல்லையில் சாமையும் கொள்ளும் போடுவார். ஆற்றை ஒட்டி நாலைந்து புளியமரம், ஒரு பெரிய பூவரசு, அதன் அடியில் மேடாக ஒரு பாறைத்தளம். என் வண்டி ஒரு தடவை அங்கே நின்றுபோனபோது அவர் வீட்டில் மோர் குடித்தேன். அப்படித் தொடங்கிய பழக்கம். வருடத்துக்கு இரண்டு தடவை, அவரிடம் சொல்லிவிட்டு, குடும்பத்தோடு போய் அவர் நிலத்தில் டென்ட் போடுவோம். என் மனைவிக்கு முதலில் சம்மதமில்லை. "வீட்ல கரண்டு இருக்கு, ஃபேன் இருக்கு, அங்க போய் எதுக்குத் தரையில படுக்கணும்?" என்றாள். இப்போது அவள்தான் நாள் பார்க்கிறாள்.

ஒரு வருடம் ஆயுத பூஜை முடித்து பட்டறையை மூடிவிட்டுக் கிளம்பினோம். பக்கத்து வீட்டு அக்காவிடம் ஐந்து லிட்டர் குக்கர் இரவல் வாங்கிக்கொண்டோம். போய்ச் சேரும்போது நாலு மணி. ஆறு முழங்கால் அளவு ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் பாய் விரித்தாற்போல வெள்ளை மணல்திட்டு. பிள்ளைகள் அங்கேதான் டென்ட் போட வேண்டும் என்று அடம்பிடித்தார்கள். சரி என்று போட்டோம். அடுப்பு மூட்டி சாம்பார் சாதம் செய்து, குக்கர் விசிலைக் கழுவி நான் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். குக்கரை மட்டும் காலையில் தேய்த்துக்கொள்ளலாம் என்று மணலில் கவிழ்த்துவிட்டேன்.

பொழுது சாயும் நேரம் கவுண்டர் ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்தார். எங்களைப் பார்த்ததும் ஆடுகளை அப்படியே விட்டுவிட்டு இறங்கி வந்து, "தம்பி, எழுந்திரு, கூடாரத்தைப் பிடுங்கு" என்றார். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. நான் சிரித்துக்கொண்டே, "மழையே காணோமே கவுண்டரே" என்றேன். அவர் மேற்கே கையைக் காட்டவில்லை. பக்கத்துப் புளியமரத்தைக் காட்டினார். என் தலைக்கு மேல் ஓர் ஆள் உயரத்தில், கிளைச் சந்தில், காய்ந்த வைக்கோலும் சருகும் சிக்கியிருந்தன. "இது போன வருஷம் ஆறு வெச்சிட்டுப் போனது. அது வரைக்கும் அதோட வீடு. வீட்டு நடுக்கூடத்துல போய்ப் படுத்திருக்கியே." அப்புறம் தண்ணீரைக் காட்டினார். நான் கவனிக்கவேயில்லை: நாங்கள் வந்தபோது தெளிவாக இருந்த தண்ணீர் டீ நிறத்துக்கு மாறியிருந்தது, சின்னச் சின்னக் குச்சிகளும் இலைகளும் மிதந்து வந்துகொண்டிருந்தன. மேலே எங்கோ பெய்துவிட்டது.

டென்ட்டைப் பிடுங்கி பாறைத்தளத்துக்கு மாற்றினோம். இருட்டில் குக்கரை மறந்துவிட்டோம். ராத்திரி இரண்டு மணி இருக்கும், லாரி ஒன்று மலையிலிருந்து இறங்குவது போலச் சத்தம். டார்ச்சை அடித்துப் பார்த்தால் மணல்திட்டு இல்லை. மழை ஒரு சொட்டு எங்கள்மேல் விழவில்லை. நானும் என் மனைவியும் பிள்ளைகளின் தலையை எண்ணிக்கொண்டே விடியும்வரை உட்கார்ந்திருந்தோம், இரண்டே பேர்தான், ஆனாலும் எண்ணிக்கொண்டே இருந்தோம். காலையில் குக்கரைக் காணோம். என் பையில் விசில் மட்டும் இருந்தது. பக்கத்து வீட்டு அக்காவுக்குப் புதுக் குக்கர் வாங்கிக் கொடுத்துவிட்டேன். அந்த விசில் இன்னமும் பட்டறையில் சாமி படத்துக்குக் கீழே தொங்குகிறது.

கவுண்டர் அன்றைக்கு வந்திருக்காவிட்டால் இந்த மடலை எழுத நான் இல்லை. என் பட்டறையிலிருந்து கிளம்பும் பையன்களுக்கு அப்படி ஒரு கவுண்டர் இல்லை. யாருக்கும் தெரியாமல் போகிறார்கள், யாருக்கும் தெரியாத இடத்தில் படுக்கிறார்கள். வெளியூர்க்காரனுக்கு மணல்திட்டுதான் கண்ணுக்கு அழகு.

இப்போது அந்த இடத்துக்கு நேர்ந்துகொண்டிருப்பதையும் சொல்ல வேண்டும். எப்படியோ விஷயம் கசிந்துவிட்டது. சனிக்கிழமை இருட்டியதும் அக்கரையில் ஸ்பீக்கர் கேட்கிறது. பூவரசின் வேரிலேயே தீ மூட்டியிருக்கிறார்கள். மரம் ஒரு பக்கம் பட்டுவிட்டது. பிள்ளைகள் குளிக்கிற மடுவில் பாட்டில் உடைத்துப் போட்டிருக்கிறார்கள். மலைக்கிராமத்துப் பிள்ளைகள் அந்த ஆற்றைச் செருப்பில்லாமல் கடந்துதான் பள்ளிக்கூடம் போகிறார்கள். கவுண்டரின் மருமகள் ஒரு காலைப்பொழுது முழுக்க உட்கார்ந்து தண்ணீருக்குள் கையை விட்டுக் கண்ணாடித் துண்டு பொறுக்கியதை நானே பார்த்தேன். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. பேசியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

இதற்கு இரண்டு விதமாக மருந்து சொல்வார்கள். ஒன்று, அடியோடு தடை. சோதனைச் சாவடி, சங்கிலி, அபராதம். இன்னொன்று, 'மேம்பாடு'. தார்ச்சாலை, சிமென்ட் நடைபாதை, வண்ண விளக்கு, செல்ஃபி எடுக்க ஒரு இதய வடிவ வளைவு, அறுபது வண்டி நிறுத்த இடம். முதலாவதை நான் நேரில் பார்த்தவன். தடை போட்டால் பகலில் வருகிறவர்கள் ராத்திரி வருவார்கள், அவ்வளவுதான். இரண்டாவதைப் பற்றி என் கருத்து: அதற்குப் பதில் தடையே பரவாயில்லை.

நான் கேட்பது இதற்கு நடுவில் ஒரு சின்ன விஷயம். மலையடிவாரத்தில், காப்புக்காட்டுக்கு வெளியே, ஆற்றை ஒட்டிய ஒரு மேட்டு நிலத்தில், பத்துக் கூடாரம் மட்டும் போடக்கூடிய ஒரு முகாம். பத்து என்று சும்மா சொல்லவில்லை. ஒரு கூடாரத்துக்கு மூன்று பேர் என்றால் முப்பது பேர். முப்பது பேரின் முகத்தை ஒரு கவுண்டர் ராத்திரிக்குள் மனதில் வைத்துக்கொள்ள முடியும். முன்னூறு பேர் வந்தால் டிக்கெட்தான் எண்ண முடியும்.

இடத்தை அளவுச் சங்கிலியோடு வருகிறவர் தேர்ந்தெடுக்கக் கூடாது. ஊர்ப் பெரியவர்களை நடக்கவிட்டு, மரத்தில் சருகு சிக்கிய உயரத்தைப் பார்த்து, அதற்கு மேலே போட வேண்டும். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியதை நாம் எல்லோரும் பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்தோம். ஆறு வறண்டு கிடக்கிறது என்பதற்காக அது தன் அகலத்தை மறந்துவிட்டது என்று அர்த்தமில்லை. வடகிழக்குப் பருவமழை வலுக்கிற வாரங்களில் முகாமை மூடிவிட வேண்டும். அதேபோல பிப்ரவரி பிறந்து இலையெல்லாம் உதிர்ந்து காடு முழுக்கச் சருகாகக் கிடக்கும்போதும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் தீக்குள் சிக்கி 23 பேர் இறந்தார்கள். அதற்கப்புறம்தான் அந்த வருடமே மலையேற்ற ஒழுங்குமுறை விதிகள் வந்தன. நம்மூரில் விதி முதலில் வரட்டும்.

தீயே வேண்டாம் என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். ஆகவே தரையில் மூட்டத் தடை, காலுள்ள இரும்புத் தட்டில் மட்டும் மூட்டலாம் என்று வையுங்கள். பழைய டிரம்மை இரண்டாக வெட்டிக் கால் வைத்து வெல்டிங் செய்தால் ஆயிற்று. பத்துத் தட்டை என் பட்டறையில் இலவசமாகவே செய்து தருகிறேன். விறகு காட்டில் பொறுக்கக் கூடாது, ஊரில் விலைக்கு வாங்க வேண்டும். காய்ந்த மரத்தில் பொந்து இருக்கும், பொந்தில் ஏதோ ஒன்று குடியிருக்கும்.

கழிப்பறையைப் பற்றி வெட்கப்படாமல் பேச வேண்டும். முப்பது பேர் இரண்டு நாள் தங்கினால் என்ன ஆகும் என்பது சிறுபிள்ளைக்கும் தெரியும், ஆனால் எந்தச் சுற்றுலாச் சிற்றேட்டிலும் அந்தப் படம் வராது. ஆற்றிலிருந்து குறைந்தது அறுபது மீட்டர் தள்ளி, இரட்டைக் குழிக் கழிப்பறை நாலு கட்டினால் போதும். பெண்கள் தைரியமாக வருவதும் வராததும் இதில்தான் இருக்கிறது. என் மகள் பத்தாம் வகுப்பு வந்ததும் "நான் வரல" என்று சொன்னதற்குக் காரணம் இதுதான் என்று புரிய எனக்கு ஒரு வருடம் ஆயிற்று.

வெளிச்சத்தைப் பற்றி ஒரு வேண்டுகோள். ஜவ்வாது மலையில் காவலூர் இருக்கிறது. வைணு பாப்பு வானாய்வகம். 2.34 மீட்டர் தொலைநோக்கியை 1986-ல் அங்கே நிறுவினார்கள். யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பதை 1977-ல் கண்டறிந்தவர்களில் காவலூர்க்காரர்களும் உண்டு. நகர வெளிச்சம் எட்டாத இருட்டு அங்கே கிடைத்ததால்தான் அந்த மலைக்குப் போனார்கள். நம் மாவட்டக்காரர்களுக்கு அந்த இருட்டு மலை கொடுத்த சொத்து. முகாமில் உயர்கம்ப விளக்கு போட்டுவிடாதீர்கள். கழிப்பறைக்குப் போகும் வழியில் தரையைப் பார்த்து எரியும் சின்ன விளக்கு நாலைந்து போதும், ஒன்பது மணிக்கு மேல் மற்ற எல்லாம் அணையட்டும். என் சின்னவன் பால்வீதியை முதன்முதலில் பார்த்தபோது, "யாரோ புகை விட்டிருக்காங்கப்பா" என்றான். காட்பாடியில் அவன் பார்த்த வெள்ளை அதுதான்.

ஸ்பீக்கருக்கு இடமே கிடையாது. இதில் பேச ஒன்றுமில்லை.

வண்டிகளை மெயின் ரோட்டு ஊரிலேயே நிறுத்திவிட வேண்டும். வண்டியால் பிழைக்கிற நானே சொல்கிறேன். கடைசி ஒரு கிலோமீட்டரை மூட்டையோடு நடக்கச் சொல்லுங்கள். பாதிக் கும்பல் அங்கேயே வடிகட்டப்பட்டுவிடும். ஸ்பீக்கரையும் பீர் பெட்டியையும் ஒரு கிலோமீட்டர் சுமக்க யாருக்கும் ஆசை வராது. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது, ஆனால் நொறுக்குத் தீனி பாக்கெட் எல்லா மலைக்கும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. ஏறும்போது பாக்கெட்டை எண்ணி முன்பணம் வாங்கிக்கொண்டு, இறங்கும்போது எண்ணித் திருப்பிக் கொடுங்கள். எந்தப் பலகையையும்விட அது வேலை செய்யும்.

உடம்பு விஷயம். உண்ணிக்காய்ச்சல் நம்ம பக்கத்தில் புதிதல்ல, வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை மருத்துவர்கள் பல வருடமாக அதை ஆராய்ந்து வருகிறார்கள். புதரிலும் புல்லிலும் இருக்கும் கண்ணுக்கே தெரியாத பூச்சி கடித்து வருவது. மழை முடிந்து குளிர் தொடங்கும் மாதங்களில், அதாவது நாம் கேம்ப் போக ஆசைப்படும் அதே மாதங்களில், அதிகம். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போலக் கறுப்பாக ஒரு பொருக்கு வரும், வலிக்காது, அக்குளிலும் இடுப்பிலும் இருப்பதால் பார்க்கவும் மாட்டோம். சீக்கிரம் கண்டுபிடித்தால் விலை மலிவான மாத்திரையில் போய்விடும், விட்டுவிட்டால் நுரையீரல் வரை போகும். முகாமில் தங்கினவனுக்கு இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் "காட்டில் தங்கினேன்" என்று மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும் என்பதை ரசீதிலேயே அச்சடித்துக் கொடுங்கள். பாம்பும் அப்படித்தான். கட்டுவிரியன் ராத்திரியில் வரும், தரையில் தூங்குகிறவனைக் கடிக்கும், கடித்தது பல நேரம் தெரியவே தெரியாது. அடி மூடிய, ஜிப் போட்ட கூடாரம் இதற்காகத்தான், தார்ப்பாயை விரித்து வானத்தைப் பார்த்துப் படுப்பது படத்துக்கு மட்டும் நன்றாக இருக்கும்.

இதை எழுதும்போது 2023 மே மாதம் நினைவுக்கு வருகிறது. அணைக்கட்டு அருகே அல்லேரி மலைக்கிராமத்தில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. சாலை வசதி இல்லாததால் மருத்துவமனை போய்ச் சேர்வதற்குள் குழந்தை இறந்தது; உடலைத் தாயே சுமந்துகொண்டு மலையேற வேண்டியிருந்தது. அந்த மலையில் நின்றுகொண்டு சுற்றுலா வேண்டும் என்று கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆகையால் கேட்கிற முறையை மாற்றிக்கொள்கிறேன். முகாமுக்கு வருகிறவனின் பாதுகாப்புக்காக என்ன வைத்தாலும், முதலுதவிப் பெட்டி, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாம்புக்கடி மருந்து, கரடுமுரடான பாதையில் ஏறக்கூடிய பைக் ஆம்புலன்ஸ், எதுவானாலும் அது முதலில் அந்த ஊருக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். வருகிறவன் அதை இரவல் வாங்கட்டும். அந்த பைக்கின் சர்வீஸுக்கு நான் பொறுப்பு. எழுதியே தருகிறேன்.

பணமும் அப்படித்தான். முகாமை வெளியூர் ஒப்பந்தக்காரருக்கு ஏலம் விட்டுவிட்டால் கவுண்டரின் பேரன் அங்கே தட்டுக் கழுவுவான், அவ்வளவுதான். கிராம வனக்குழுக்கள் இருக்கின்றன. 2006 வன உரிமைச் சட்டம் கிராம சபைக்கு என்ன அதிகாரம் கொடுத்திருக்கிறது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் கூடிப் பேசி வேண்டும் என்றால் நடக்கட்டும், வேண்டாம் என்றால் இந்த மடலைக் கிழித்துப் போட்டுவிடுங்கள், எனக்கு வருத்தமில்லை. வேண்டும் என்றால் கட்டணத்தை அவர்கள் வைக்கட்டும், சாப்பாட்டையும் அவர்களே போடட்டும். சாமைச் சோறும் கொள்ளுக் குழம்பும் வேலூரில் எந்த ஓட்டலிலும் அந்த ருசியில் எனக்குக் கிடைத்ததில்லை. சீத்தாப்பழக் காலத்தில் வந்தவன் ஆளுக்கு ஒரு கூடை வாங்கிக்கொண்டுதான் போவான்.

ஒரு கேள்வி கேட்பீர்கள் என்று தெரியும். பத்துக் கூடாரத்துக்கு மேல் வரும் கூட்டத்தை என்ன செய்வது? எனக்கும் முழுப் பதில் இல்லை. முன்பதிவு வைத்தால் தரகர் நுழைவான், முதலில் வருபவருக்கு முதலிடம் என்றால் விடியற்காலை நாலு மணிக்கே சண்டை நடக்கும். ஆனால் ஒன்று தெரியும். நிறைந்துவிட்டது, திரும்பிப் போங்கள் என்று முதல் மாதத்திலேயே கண்டிப்பாகச் சொன்னால் ஊருக்குப் பழகிவிடும். என் பட்டறையில் ஒரு நாளைக்கு எட்டு வண்டிக்கு மேல் எடுக்க மாட்டேன். ஆரம்பத்தில் திட்டினார்கள். இப்போது முந்தின நாளே போன் செய்கிறார்கள். பதினோராவது கூடாரத்துக்காக எந்தப் பெரிய மனிதர் சிபாரிசு வந்தாலும் மறுக்கிற தைரியம் மட்டும் உங்களிடமிருந்து வர வேண்டும். அதை நான் வெல்டிங் செய்து தர முடியாது.

நீங்கள் யாராவது நேரில் வந்து பார்க்க நினைத்தால், ஜீப் வரிசை இல்லாமல் ஒரு சாதாரண வார நாளில் வாருங்கள். காட்பாடி வந்து எந்த வண்டிக்காரப் பையனைக் கேட்டாலும் என் பட்டறையைக் காட்டுவான். கவுண்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மரத்தில் சிக்கிய சருகை அவரே காட்டுவார். அங்கேயே தங்குவதானால் டென்ட் என்னிடம் இரண்டு இருக்கிறது. குக்கர் மட்டும் நீங்களே கொண்டு வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
காட்பாடியிலிருந்து ஒரு பட்டறைக்காரன்